402 மீட்டர் பந்தயம், முதல் 18 மீட்டரில் தீர்ப்பு: டர்போ காரைக் கிளப்பும் வித்தை

அந்த இளைஞரின் கையில் இரண்டு சீட்டுகள் இருந்தன. பேரங்காடியில் பணம் கட்டியதும் தருவார்களே, அதே மாதிரி மெல்லிய தாள். முதல் சீட்டில் 12.61 விநாடி. இரண்டாவதில் 12.27. கார் ஒன்றுதான், ஓட்டியவரும் ஒருவர்தான். இரண்டு ஓட்டத்துக்கும் இடையே நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் யாரும் இயந்திரத்தில் கை வைக்கவில்லை, டயரை மாற்றவில்லை, எண்ணெயைக்கூடப் பார்க்கவில்லை.

அப்படியானால் என்ன மாறியது என்று கேட்டேன். அவர் தமது இடது காலைத் தட்டிக் காட்டினார்.

சில வாரங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை இரவு, செப்பாங் அனைத்துலகப் பந்தயத் தடத்தில் நடந்த டிராக் ரேஸைப் பார்க்கப் போயிருந்தபோது நடந்தது இது. செப்பாங் என்றாலே நம்மில் பலருக்கு வளைவுகளில் சீறும் ஃபார்முலா ஒன் கார்கள்தான் ஞாபகம் வரும். டிராக் ரேஸ் அப்படியல்ல. வளைவே கிடையாது. இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். விளக்கு பச்சையானதும் நேர்கோட்டில் 402 மீட்டர் ஓடும். பதினைந்து விநாடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். அதென்ன 402 என்று கேட்டால், அது பழைய கால் மைல் கணக்கு. சொன்னால் ரொம்ப எளிது. காலால் மிதித்தால் போகிறது, இதில் வித்தை எங்கே இருக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

வித்தை இருப்பது முதல் 18 மீட்டரில்.

அடிக்கணக்கில் அது 60 அடி. இவர்கள் பேச்சில் எல்லாம் 'சிக்ஸ்டி ஃபூட்' தான். சீட்டில் அதற்கென்று தனி வரி உண்டு. நம் இளைஞரின் முதல் சீட்டில் அந்த வரியில் 1.95 விநாடி, இரண்டாவதில் 1.72. கடைசிக் கோட்டைத் தாண்டியபோது இருந்த வேகம் முதல் முறை மணிக்கு 178 கிலோமீட்டர், மறுமுறை 179. அதாவது காரின் சக்தி மாறவே இல்லை. தொடக்கத்தில் மிச்சம் பிடித்த 0.23 விநாடி, முடிவில் 0.34 விநாடியாக வளர்ந்திருக்கிறது. சேமிப்புக் கணக்கில் வட்டி ஏறுவது போலத்தான். முதல் 60 அடியில் 0.1 விநாடி குறைத்தால் கடைசியில் ஏறக்குறைய 0.15 முதல் 0.2 விநாடி வரை குறையும் என்பது இந்தப் பந்தயக்காரர்கள் உலகம் முழுவதும் வைத்திருக்கும் கைக்கணக்கு. முன்கூட்டியே வேகம் பிடித்த கார், மீதித் தூரம் முழுவதையும் அந்தக் கூடுதல் வேகத்தோடுதானே கடக்கிறது.

இனி காருக்கு வருவோம். வெளியிலிருந்து பார்த்தால் அது ஒரு வெள்ளை புரோட்டோன் வீரா. உங்கள் வீட்டிலும் ஒன்று நின்றிருக்கும், அல்லது மாமா வீட்டில் நின்றிருக்கும். 1993இல் வெளிவந்த வீரா, மிட்சுபிஷி லான்சரை அடிப்படையாகக் கொண்டு செய்யப்பட்டது. அதே தலைமுறை லான்சரிலிருந்துதான் மிட்சுபிஷி தன் புகழ்பெற்ற 'லான்சர் எவொலூஷன்' காரின் முதல் மூன்று பதிப்புகளையும் உருவாக்கியது. அதனால்தான் நம் நாட்டில் ஒரு தலைமுறை இளைஞர்களுக்கு வீரா என்பது வெறும் குடும்பக் கார் அல்ல, உள்ளே எவோ ஒளிந்திருக்கக்கூடிய ஒரு கூடு. ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டப்பட்டு வந்து இறங்கும் 'ஹாஃப் கட்' கார்களை விற்கும் கெடாய் போத்தோங் கடைகளில் எவோ மூன்றின் இயந்திரத்தைத் தேடி அலைந்தவர்கள் கொஞ்ச நஞ்சமல்ல. 4ஜி63 என்ற அந்த 2 லிட்டர் டர்போ இயந்திரம், எவோ மூன்றில் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 270 குதிரைத்திறன் கொண்டது. நான்கு சக்கரங்களையும் சுழற்றக்கூடியது. இந்த வீராவில் அந்த இயந்திரமும் இருக்கிறது, நான்கு சக்கர இயக்கமும் இருக்கிறது. அதற்காகக் காரின் அடித்தளத்தில் பின்பகுதியை வெட்டி ஒட்ட வேண்டியிருந்ததாம்.

இப்படி மாற்றிய காரை ஜேபிஜே அனுமதியும் பரிசோதனையும் இல்லாமல் சாலையில் ஓட்டக்கூடாது. இவர் லோரியில் ஏற்றித்தான் கொண்டுவந்திருந்தார்.

டர்போ ஏன் தாமதிக்கிறது?

தமிழ் படித்தவன் என்ற முறையில் டர்போவுக்கு ஒரு நல்ல தமிழ்ச் சொல் தேடிப் பார்த்தேன். 'விசைச்சுழலி' என்று ஒன்றைச் சொன்னதும், அங்கிருந்த போர்மன் அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். டர்போ என்றே வைத்துக்கொள்வோம்.

அது இப்போது நமக்குப் புதிய பொருளும் அல்ல. எக்ஸோரா போல்ட், பிரேவே, எக்ஸ்50, பெரோடுவா அத்திவா என்று நம் தாமான்களில் நிற்கும் சாதாரணக் கார்கள் பலவற்றிலும் டர்போ உண்டு. இயந்திரத்திலிருந்து வெளியேறும் சூடான புகையை வீணாக்காமல், அதைக் கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறார்கள். அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் இருக்கும். அது வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி, இயந்திரத்துக்குள் தள்ளும். கூடுதல் காற்று, கூடுதல் எரிபொருள், கூடுதல் சக்தி. அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் முறைக்கு மேல் சுற்றும். பூஸ்ட் 1 பார் என்று சொன்னால், சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு அழுத்தம் உள்ளே நிற்கிறது என்று பொருள்.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. புகை வந்தால்தான் டர்போ சுழலும். இயந்திரம் வேகமாகச் சுழன்றால்தான் போதிய புகை வரும். விளக்குக்காகக் காத்து நிற்கும் காரில் இயந்திரம் சும்மா முணுமுணுத்துக்கொண்டிருந்தால், டர்போவும் தூங்கிக்கொண்டிருக்கும். பச்சை விழுந்ததும் மிதித்தால், முதலில் சாதாரண 2 லிட்டர் கார் போல மெல்ல நகரும். பிறகு திடீரென்று யாரோ முதுகில் உதைத்தது போல முழுச் சக்தியும் வந்து இறங்கும். அதற்குள் பக்கத்துக் கார் போயிருக்கும். இந்த இடைவெளியைத்தான் டர்போ லேக் என்கிறார்கள்.

ஆகவே நிற்கும்போதே டர்போவை எழுப்பிவிட வேண்டும். அதற்கு 'டூ ஸ்டெப்' என்றொரு ஏற்பாடு உண்டு. கிளட்ச் மிதித்திருக்கும் வரை இயந்திரம் ஒரு குறிப்பிட்ட சுழற்சிக்கு மேல் போகாதபடி, கணினி நெருப்புப்பொறியை அவ்வப்போது வெட்டிவிடும். ஓட்டுநர் எண்ணெயை முழுக்க மிதித்திருந்தாலும் மானி 5,000இல் நின்று துடித்துக்கொண்டிருக்கும். அதோடு பொறியைச் சற்றுத் தாமதப்படுத்தினால், எரிபொருள் உருளைக்குள் முழுதும் எரியாமல் புகைக்குழாய்ப் பக்கம் போய் எரியும். அந்த வெடிப்பு டர்போ சக்கரத்தை மேலும் வேகமாகச் சுழற்றும். பந்தயத் திடலில் பட்டாசுக் கட்டைக் கொளுத்திப் போட்டது போல டமடமவென்று கேட்கும் சத்தம் அதுதான். நம் ஊரில் சிலர் சாலை விளக்கில் நின்று வீம்புக்கு வெடிக்கவிடுகிறார்களே, அவர்களுக்குச் சொல்ல ஒரு செய்தி உண்டு: அந்த வெப்பம் டர்போவின் ஆயுளையும் புகைக் குழாயையும் சேர்த்துத் தின்கிறது. பந்தயக்காரர்கள் அதைச் சில விநாடிகளுக்கு மேல் வைத்திருப்பதில்லை.

இடது காலின் வேலை

கோட்டருகே வந்ததும் இரண்டு ஒளிக்கதிர்கள் உண்டு. முன்சக்கரம் முதல் கதிரை மறைத்தால் ஒரு விளக்கு எரியும். இன்னும் ஒரு சாண் அளவு நகர்ந்து இரண்டாவதை மறைத்தால் அடுத்த விளக்கு. அப்போதுதான் கார் கோட்டில் நிற்பதாகக் கணக்கு. அதன்பின் மஞ்சள் விளக்குகள் ஒவ்வொன்றாக அரை விநாடி இடைவெளியில் இறங்கிவந்து பச்சையாகும். வேகமான வகுப்புகளில் மஞ்சள் மூன்றும் ஒன்றாக எரிந்து, 0.4 விநாடியில் பச்சை வந்துவிடும்.

இங்கே பலரும் குழம்பும் ஒரு விஷயம் உண்டு. சீட்டில் வரும் 12.27 விநாடி, பச்சை விழுந்ததிலிருந்து எண்ணப்படுவதில்லை. உங்கள் சக்கரம் அந்த இரண்டாவது கதிரை விட்டு விலகிய நொடியிலிருந்துதான் கடிகாரம் ஓடும். பச்சைக்கும் நீங்கள் நகர்ந்ததற்கும் இடையே உள்ள நேரம் தனி வரியாக வரும். ஆனால் யார் முதலில் கோட்டைத் தாண்டினார் என்பதற்கு இரண்டும் சேர்ந்துதான் கணக்கு. ஒருவர் 0.45 விநாடி தாமதித்துக் கிளம்பி 12.27இல் ஓடினால் மொத்தம் 12.72. மற்றவர் 0.20இல் கிளம்பி 12.45இல் ஓடினால் மொத்தம் 12.65. மெதுவான கார் வென்றுவிட்டது! பச்சை வரும்வரை காத்திருந்து நகர்கிறவர் எப்போதும் பிந்துவார். பழகியவர்கள் கடைசி மஞ்சளைப் பார்த்ததுமே காலை எடுக்கிறார்கள். கொஞ்சம் முந்தினால் சிவப்பு, ஓட்டம் செல்லாது.

சரி, காலை எப்படி எடுப்பது? எண்ணெய் முழுக்க மிதித்தாகிவிட்டது, இயந்திரம் 5,000இல் துடிக்கிறது, பூஸ்ட் ஏறியிருக்கிறது, முதல் கியர் போட்டாகிவிட்டது. மிச்சம் இருப்பது கிளட்ச் மட்டும். அதை ஒரேயடியாக விட்டால் என்ன ஆகும், மெல்ல விட்டால் என்ன ஆகும் என்பதில்தான் 1.95க்கும் 1.72க்கும் உள்ள வேறுபாடு இருக்கிறது.

முதல் ஓட்டத்தில் அவர் பயந்துபோய்ச் சுழற்சியை 4,000க்குக் குறைத்து வைத்துக் கிளட்சைச் சட்டென்று விட்டிருக்கிறார். நான்கு சக்கரமும் தரையைப் பிடித்துக்கொண்டன. பிடித்ததுதான் தவறு. இயந்திரத்தால் அவ்வளவு எடையை உடனே இழுக்க முடியாமல் சுழற்சி சரிந்தது, சுழற்சி சரிந்ததும் டர்போவும் உட்கார்ந்துவிட்டது. இதை 'பாக்' ஆனது என்கிறார்கள். எழுந்து நிற்க முயன்றவர் மறுபடி உட்கார்ந்துவிட்டது போல. இரண்டாவது முறை 5,000இல் வைத்து, கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் இடம் வரை வேகமாகவும், அங்கிருந்து ஒரு கண்ணிமைப்பு நேரம் வழுக்கவிட்டு மெதுவாகவும், பிறகு முழுவதுமாகவும் விட்டார். அந்தக் கண்ணிமைப்பு நேரத்தில் கிளட்ச் தட்டு கருகும் வாசனை கோட்டருகே நின்ற எனக்கே வந்தது. சுழற்சி சரியவில்லை. கார் பாய்ந்தது.

லோரிக்காரரின் பாடம்

இந்த இடத்தில் அவருடைய அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பந்திங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பல வருடம் லோரி ஓட்டியவர். மகன் பந்தயத்தில் ஓடுவதைப் பார்க்க அன்று முதல் முறையாக வந்திருந்தார். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தடுப்புக்கம்பி ஓரம் நின்றிருந்தார். அவரிடம் டூ ஸ்டெப், பூஸ்ட் எதுவும் பேச முடியாது. ஆனால் சக்கரம் வழுக்குவதைப் பற்றிக் கேட்டதும், அவர் சொன்னது எனக்கு அன்று கிடைத்த எல்லா விளக்கங்களையும்விடத் தெளிவாக இருந்தது.

மழைக்குப் பிறகு செம்மண் பாதையில், குலை ஏற்றிய லோரி நின்றுவிட்டால் எப்படிக் கிளப்புவது? அதிகமாக எண்ணெய் கொடுத்தால் சக்கரம் அதே இடத்தில் சுற்றிக் குழி பறிக்கும். குறைவாகக் கொடுத்தால் இயந்திரம் அணைந்துபோகும். நடுவில் ஓர் இடம் இருக்கிறது. சக்கரம் கொஞ்சம் வழுக்கும், ஆனாலும் வண்டி நகரும். "அந்த எடத்த காலு கண்டுபிடிக்கணும் தம்பி, வாயால சொல்ல முடியாது" என்றார்.

பொறியியலும் இதையேதான் சொல்கிறது. டயர் கொஞ்சமும் வழுக்காமல் உருளும்போது அதிகப் பிடிப்பு கிடைப்பதில்லை. தரையின் வேகத்தைவிடச் சக்கரம் பத்து, பதினைந்து விழுக்காடு வேகமாகச் சுழலும்போதுதான் ரப்பர் உச்சப் பிடிப்பைத் தருகிறது. அதைத் தாண்டினால் புகை வரும், சத்தம் வரும், கூட்டம் கைதட்டும், நேரம் மட்டும் வராது. டயரிலிருந்து புகை கக்கிக் கிளம்பும் கார்தான் வேகமான கார் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சீட்டைப் பார்த்தால் உண்மை தெரியும்.

எந்தச் சக்கரம் இழுக்கிறது என்பதும் முக்கியம். கார் பாயும்போது அதன் எடை பின்பக்கம் சாய்கிறது. பேருந்து சட்டென்று கிளம்பினால் நாம் பின்னால் சாய்கிறோமே, அதே கதைதான். எவோ மூன்று 1,260 கிலோ எடை கொண்டது, முன் பின் சக்கரங்களுக்கு இடையே ஏறத்தாழ இரண்டரை மீட்டர். நல்ல கிளம்பல் ஒன்றில் 200 கிலோவுக்கு மேல் முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரத்துக்குப் போய்விடும். முன்சக்கரம் இழுக்கும் சாத்ரியா, சிவிக் போன்ற கார்களுக்கு இது சாபம். பிடிப்பு வேண்டிய நேரத்தில், பிடிக்க வேண்டிய சக்கரமே இலேசாகிவிடுகிறது. அதனால் அவர்கள் பின் சுருள்வில்லை இறுக்கமாக்கி, கார் பின்னால் குந்தாமல் பார்த்துக்கொள்கிறார்கள். பின்சக்கரம் இழுக்கும் காருக்கு அதே எடை வரம். நான்கு சக்கரமும் இழுக்கும் காருக்கு எடை எங்கே போனாலும் நட்டமில்லை.

ஆனால் நான்கு சக்கரக் காருக்கு வேறொரு விலை உண்டு. போர்மன் அண்ணன் ஒரு கணக்குச் சொன்னார். கிளம்பும்போது ஏதாவது ஒன்று வழுக்கியே ஆக வேண்டும். டயர் வழுக்க வேண்டும், இல்லையென்றால் கிளட்ச் வழுக்க வேண்டும். இரண்டும் வழுக்க மறுத்தால் மூன்றாவதாக ஏதோ ஒன்று உடையும். கியர்பெட்டியின் பல், சக்கரத்துக்குப் போகும் தண்டு, சக்தியைப் பின்னால் அனுப்பும் பெட்டி, எதுவும் ஆகலாம். ஒரே ஒரு கிளம்பலில் மூன்று மாதச் சம்பளம் தரையில் எண்ணெயாகக் கொட்டிப் போவதை அவர் பலமுறை பார்த்திருக்கிறாராம்.

இந்த வேலையைக் கணினியிடமே விட்டுவிட்டால் என்ன என்று நிறுவனங்களும் யோசித்தன. 2007 இறுதியில் ஜப்பானில் வெளிவந்த நிசான் ஜிடி-ஆர், இரட்டை டர்போவும் நான்கு சக்கர இயக்கமும் கொண்டது. இழுவைக் கட்டுப்பாட்டை அணைத்து, பிரேக்கையும் எண்ணெயையும் ஒன்றாக மிதித்து, பிரேக்கை விட்டால் போதும், மிச்சத்தைக் கார் பார்த்துக்கொள்ளும். மறுவருடம் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்ததும் அதை மறுபடி மறுபடி செய்து பார்த்த சிலருக்குக் கியர்பெட்டி போனது. உத்தரவாதம் செல்லுமா செல்லாதா என்று பெரிய சர்ச்சையே எழுந்தது. பிறகு நிசான் மென்பொருளை மாற்றி, கிளம்பும் சுழற்சியைக் குறைத்தது. உலகின் பெரிய பொறியாளர்களே தடுமாறிய இடம் இது என்றால், வார இறுதியில் பட்டறையில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் கியர்பெட்டி உடைப்பதில் வியப்பில்லை.

வெப்பமும் நம் எதிரி. மதியம் 34 டிகிரியில் உள்ள காற்று, குளிர்நாட்டின் 15 டிகிரிக் காற்றைவிட ஆறு விழுக்காடு இலேசானது. ஈரப்பதம் அதை இன்னும் கொஞ்சம் இலேசாக்கும். டர்போ காற்றை அழுத்தும்போது அது மேலும் சூடாகும். சூடான காற்றில் எரிபொருள் தானாக முன்கூட்டியே வெடித்தால் பிஸ்டன் உடையும். அதனால்தான் இங்கே பலரும் பொழுது சாய்ந்தபின் ஓடவே விரும்புகிறார்கள். காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் மேல் ஐஸ் கட்டிப் பையை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பவர்களை அன்று நானும் பார்த்தேன்.

சாலை தராத சீட்டு

இவ்வளவையும் கேட்டபின் எனக்குத் தோன்றிய கேள்வி ஒன்றுதான். இதைக் கற்றுக்கொள்ள ஆசைப்படும் இளைஞர் எங்கே போய்க் கற்பார்? பலர் போவது நள்ளிரவு நெடுஞ்சாலைக்கு.

சட்டம் என்ன சொல்கிறது என்பது பலருக்கும் தெரியும், ஆனாலும் எண்களைச் சொல்லிவைப்பது நல்லது. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 42(1) பிரிவின்கீழ், ஆபத்தாக ஓட்டியது நிரூபிக்கப்பட்டால் 5 ஆண்டு வரை சிறையும் 5,000 முதல் 15,000 ரிங்கிட் வரை அபராதமும் உண்டு. உரிமமும் பறிபோகும். சிங்கப்பூரில் சட்டவிரோதப் பந்தயத்தில் பிடிபட்டால் வாகனமே பறிமுதலாகலாம்.

சட்டத்தை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். மணிக்கு 180 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 50 மீட்டர். நல்ல பிரேக்கும் நல்ல டயரும் இருந்தாலும் அந்த வேகத்திலிருந்து நிற்க 150 மீட்டருக்கு மேல் வேண்டும். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போவதற்குள் இன்னொரு 50 மீட்டர் போய்விடும். ஆக 200 மீட்டர். இரண்டாம் ஷிப்ட் முடிந்து, பக்கத்துச் சாலையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வெளியே வரும் ஒரு தொழிலாளிக்கு, 200 மீட்டர் தள்ளித் தெரியும் விளக்கு இன்னும் நான்கே விநாடியில் தன்னிடம் வந்துவிடும் என்று எப்படித் தெரியும்? பந்தயத் தடத்தில் அந்த 402 மீட்டருக்குப் பிறகு நிறுத்துவதற்கென்றே காலியிடம் உண்டு. அந்த இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சான்று: 2008இல் அமெரிக்காவின் இங்கிலிஷ்டவுன் தடத்தில் ஸ்காட் கலிட்டா என்ற புகழ்பெற்ற ஓட்டுநர், கார் நிற்காமல் தடத்தின் முடிவையும் தாண்டிப் போய் உயிரிழந்தார். அதன் பிறகு அங்கே மிக வேகமான வகுப்புகளின் ஓட்டத் தூரத்தையே கால் மைலிலிருந்து 1,000 அடியாகக் குறைத்தார்கள். அது தொழில்முறைப் பந்தயம், பாராசூட் கட்டிய கார். நெடுஞ்சாலையில் ஓடும் வீராவுக்கு என்ன இருக்கிறது?

அந்த அமைப்பின் கதையும் இங்கே பொருந்தும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கலிபோர்னியாவில் இளைஞர்கள் தெருக்களில் கார் பந்தயம் விட்டு எல்லாருக்கும் தலைவலியாக இருந்தார்கள். வாலி பார்க்ஸ் என்பவர் 1951இல் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கியதே, அவர்களைத் தெருவிலிருந்து எடுத்து விதிமுறை உள்ள தடத்தில் ஓடவைக்கத்தான். 1953இல் அதன் முதல் அதிகாரபூர்வப் பந்தயம் நடந்தது பொமோனாவில், ஒரு பொருட்காட்சித் திடலின் கார் நிறுத்துமிடத்தில்!

இன்னொரு காரணத்தை நான் செப்பாங்கில்தான் புரிந்துகொண்டேன். சாலையில் இந்த வித்தையைக் கற்கவே முடியாது. அங்கே யார் வென்றார் என்பதுதான் தெரியும். ஏன் வென்றார் என்பது தெரியாது. தார்ச்சாலையில் எண்ணெய், மணல், வெள்ளைக்கோடு எல்லாம் இருக்கும். ஒரு முறை கிடைத்த பிடிப்பு மறுமுறை கிடைக்காது. தடத்தில் தரைக்கு ஒட்டும் பசை தெளித்து, ரப்பர் ஏற்றி வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக அந்தச் சீட்டு இருக்கிறது. கால் எங்கே தவறியது என்பதை அது மூன்று இலக்கத் துல்லியத்தில் சொல்கிறது. சீட்டில்லாமல் பத்து வருடம் சாலையில் ஓடியவர், ஒரே இரவில் ஐந்து சீட்டு வாங்கியவரிடம் தோற்பார். போர்மன் அண்ணனும் இதையே வேறு மாதிரிச் சொன்னார். அவருடைய பழைய நண்பர்களில் இருவர், சாலையில் ஓடிய காலத்தோடு முடிந்துபோனார்களாம். அவர்களைப் பற்றி அதற்கு மேல் அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

உங்கள் வீட்டில் யாராவது தடத்தில் ஓடிப் பார்க்க நினைத்தால், முதல் நாளே டர்போ மாற்றிய கார் வேண்டாம். அன்றாடம் ஓட்டும் மைவியே போதும். பல போட்டிகளில் நேரத்தை வைத்து வகுப்புப் பிரிப்பார்கள், ஆகவே மெதுவான காருக்கும் இடமுண்டு. நல்ல தலைக்கவசம், நீளக் கால்சட்டை, மூடிய காலணி தேவை. அமெரிக்க விதியில் 13.99 விநாடிக்குள் ஓடும் காருக்குத் தலைக்கவசம் கட்டாயம், மணிக்கு 240 கிலோமீட்டரைத் தாண்டினால் பாராசூட் கட்டாயம். ஆனால் எந்த வேகமானாலும் தலைக்கவசம் போடுவதில் நட்டமில்லை. காரில் எண்ணெய் ஒழுகக்கூடாது. ஒரு சொட்டு விழுந்தாலும் பின்னால் வருபவருக்கு அது மரணக்குழி. கார் உள்ளே கிடக்கும் தண்ணீர்ப் போத்தல், குடை, பிள்ளையார் சிலை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பிரேக்குக்கு அடியில் போத்தல் உருண்டுவந்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. பள்ளம் உள்ள சாதாரண டயர் என்றால், டயரைச் சூடாக்கத் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கும் இடத்தைச் சுற்றிப் போங்கள். பள்ளத்தில் தேங்கும் தண்ணீர் கோட்டில் சொட்டி, உங்களையே வழுக்கிவிடும். முதல் மூன்று ஓட்டத்தில் பக்கத்துக் காரைப் பார்க்காதீர்கள். சிக்ஸ்டி ஃபூட் வரியை மட்டும் பாருங்கள்.

அன்று இரவு பதினோரு மணிக்கு மேல் வெள்ளை வீரா மூன்றாவது முறை கோட்டுக்கு வந்தது. காற்று நன்றாகக் குளிர்ந்திருந்தது. அப்பா காதுப் பஞ்சை எடுத்துவிட்டுத் தடுப்பின் ஓரத்துக்கு இன்னும் நெருங்கி வந்தார். கார் கிளம்பிய விதத்தைப் பார்த்ததுமே அவர் தலையாட்டினார், ஆனால் பலகையில் சிவப்பு எரிந்தது. மகன் முந்திவிட்டார். சீட்டில் 60 அடிக்கு 1.69, மொத்தம் 12.22. அவர் வாழ்நாளிலேயே சிறந்த ஓட்டம் அது, ஆனால் செல்லாத ஓட்டம். திரும்பி வந்து காரை நிறுத்தியவரிடம் அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சாப்பிட்டியா?"

அந்தச் சீட்டை மட்டும் மகன் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.